அளவுக்கு நின்ற அக்கா

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடுத்தவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஸ்கொட்லாந்துக்கு வந்து கார் ஓட்டத் தொடங்கிய முதல் வருடம் முழுக்க, ரோட்டோரத்தில் கெமரா படம் போட்ட வெள்ளைப் பலகை எங்கே தென்பட்டாலும், 'இங்கே படம் எடுத்தால் நன்றாக வரும்' என்று அரசாங்கம் அன்போடு வழி காட்டுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். பலகையில் இருந்ததும் மூக்கு நீண்ட பழைய காலத்துக் கெமராவின் படம். வேறு எப்படி நினைப்பது? பலகையைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பேன். ஓரமாக நிறுத்த இடம் தேடுவேன். இறங்கி, எதிரே இருப்பதைப் படம் எடுப்பேன். எதிரே ஒரு வேலி இருக்கும். இல்லாவிட்டால் பெட்ரோல் ஷெட்டின் பின்பக்கச் சுவர். இதில் என்ன அழகு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனால் வெள்ளைக்காரன் பலகை நட்டிருக்கிறான் என்றால் ஏதோ இருக்கும், நமக்குத்தான் கண் போதாது என்று நினைத்துக்கொண்டு, இரண்டு படம் கூடுதலாகவே எடுப்பேன். எடுத்ததை உடனே போனில் இலங்கையில் டயகமவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்புவேன். பெட்ரோல் ஷெட் சுவரைப் பார்த்துவிட்டு அக்கா குரல் பதிவு அனுப்புவாள்: "நல்லா இருக்கு தம்பி. நம்ம பூண்டுலோயா பக்கம் மாதிரியே இருக்கு. குளிரா? சுவெட்டர் போட்டுக்கிட்டியா?"

கிளாஸ்கோவில் இப்போது நான் பஸ் ஓட்டுகிறேன், அப்போது பஸ் கழுவிக்கொண்டிருந்தேன். டிப்போவில் என்னோடு வேலை செய்யும் இயன் ஒருநாள் தேநீர் நேரத்தில் என் போனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் இறுகியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீயும் இதுகளுக்கு எதிரான ஆளா?" என்று கேட்டான். எதுகளுக்கு என்று எனக்கு விளங்கவில்லை. கூட வேலை செய்கிறவனை எதற்குப் பகைத்துக்கொள்வது என்று, "ஆமாம், கடுமையான எதிர்ப்பு" என்றேன். அவன் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். வேகமாக ஓடும் வண்டிகளைப் பிடிக்க வைத்த கெமராக்களுக்கான எச்சரிக்கைப் பலகைகள் அவை என்றும், அவற்றை ஒழிக்கப் பாடுபடும் ஒரு போராளி என்று டிப்போ முழுக்க என்னைப் பற்றிப் பேச்சு என்றும் ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஒவ்வொரு பலகையிலும் வண்டியை மெதுவாக்கி நிறுத்திய காரணத்தால் இந்த நாட்டில் எனக்கு இன்றுவரை ஓர் அபராதக் கடிதமும் வந்ததில்லை. அந்த வகையில் நான் உத்தமன்.

மலை பார்க்கும் இடங்களுக்கு வேறு பலகை இருக்கிறது. மண் நிறம். அதைப் பின்பற்றிப் போனால் மலைக்கு எதிரே தார் போட்டு, கோடு கிழித்து, கார் நிறுத்த இடம் வைத்திருப்பார்கள். உட்கார ஒரு மரவாங்கு இருக்கும். வாங்கில் செத்துப்போன யாரோ ஒருவரின் பெயரும், இந்த இடம் அவருக்குப் பிடித்த இடம் என்ற வரியும் இருக்கும். முதல் தடவை அப்படி ஓரிடத்தில் நின்றபோது பயந்துபோய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் ஊரில் கையைக் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றால், இரண்டு மலைக்கு அப்பாலிருந்து வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் குரல் வரும்: "அங்க யாரு அது, என்ன வேடிக்க?" மலை என்றால் வேலை. பதினோராம் நம்பர் மலை, எட்டாம் நம்பர் மலை என்று அதற்கு நம்பர்தான், அழகு கிடையாது. பக்கத்தில் நாயோடு நின்ற பெரியவரிடம் நான், "இந்த மலையில் என்ன வேலை நடக்கிறது?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லையே" என்றார். "அப்படியானால் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்றேன். அவர் மலையை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆடுகள்" என்றார். அன்றிலிருந்து இந்த நாட்டு ஆடுகள் மேல் எனக்கு ஒரு கங்காணிக்குரிய மரியாதை உண்டு.

பயம் போனதும் பித்துப் பிடித்தது. நல்லதாக ஒரு கெமரா வாங்கினேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும் நீளமான லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். லீவு நாள் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விடுவேன். நூலகத்தில் கூடும் புகைப்படக் குழுவொன்றில் சேர்ந்தேன். அங்கே கற்றுக்கொண்ட மந்திரம் ஒன்றே ஒன்று: மலையின் பிரம்மாண்டம் தெரிய வேண்டுமானால், படத்தின் ஓரத்தில் ஒரு மனிதரைச் சின்னதாக நிறுத்து. அளவு தெரியும். என் மனைவி இரண்டு பயணம் அளவுக்கு நின்று பார்த்தாள். மூன்றாவது பயணத்தில், மழையில் அரைமணி நேரம் புள்ளியாக நின்றுவிட்டு வந்து, "அளவு வேணும்னா அடிமட்டம் ஒண்ணு வாங்கி நட்டு வச்சுக்கங்க" என்று சொல்லிக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு என் அளவுகோல் போனது.

இந்த வருடத் தொடக்கத்தில் மூன்று வார லீவில் ஊருக்குப் போனேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வந்திருப்பாளா என்பது வேறு விஷயம். அக்கா லெச்சுமி என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போனபோது எனக்கு ஏழு, அவளுக்குப் பதினேழு. அடுத்த வாரமே அம்மாவின் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறியவள், நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்துவிட்டு, போன வருடம்தான் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் வெட்டிக்கொண்டு லயத்து வீட்டில் உட்கார்ந்தாள். மாமா இல்லை. மகள் கொழும்பில் கார்மெண்ட் வேலை. நுவரெலியாவுக்கு அக்கா போயிருக்கிறாள், ஆஸ்பத்திரிக்கு. அட்டனுக்குப் போயிருக்கிறாள், தீபாவளிச் சாமான் வாங்க. பார்ப்பதற்கென்று எங்கேயும் போனதில்லை. நான் ஒரு வேனை வாடகைக்குப் பேசினேன். மூன்று நாள். அக்காவுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று தோட்டம் முழுக்கச் சொன்னேன். எனக்குப் படத்தின் ஓரத்தில் நிற்க ஆள் கிடைத்துவிட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

முதல்நாள் காலையில் அக்கா வேனுக்கு வந்து நின்ற கோலத்தைப் பார்த்து டிரைவர் தியாகு ஹோர்ன் அடித்து வரவேற்றான். மடிப்புக் கலையாத நீலச் சேலை, முகத்தில் பவுடர், கொண்டையில் லயத்து வாசலில் பூத்த ரோசா. அதற்கு மேல் நான் கொண்டுபோன சிவப்பு சுவெட்டர். சிவப்பு நான் வேண்டுமென்றே வாங்கியது. பச்சை மலையில் சிவப்பு எடுப்பாக விழும்.

பொல்பிட்டியவுக்குப் பக்கத்தில் ஆற்றுப் பள்ளத்தைக் கண்டதும் வேனை நிறுத்தச் சொன்னேன்.

"அக்கா, அந்தக் கல்லுகிட்ட போய் நில்லு."

"இங்கயா தம்பி?"

"இன்னும் தள்ளி."

"இங்க?"

"இன்னும் கொஞ்சம் தள்ளிக்கா."

"இதுக்கு மேல தள்ளினா ஆத்துக்குள்ளதாம்பா நிக்கணும்!"

தியாகு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். எடுத்த படத்தைக் காட்டினேன். அக்கா கெமராவின் சின்னத் திரைக்குள் கண்ணைச் சுருக்கித் தேடினாள். "நான் எங்க இருக்கேன்?" என்றாள். விரலால் தொட்டுக் காட்டினேன். "இந்தா, இந்தச் செவப்புப் புள்ளி." "ஓ..." என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்லா இருக்கு" என்றாள். பெட்ரோல் ஷெட் சுவருக்குச் சொன்ன அதே 'நல்லா இருக்கு' என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் நாள் பூண்டுலோயாப் பக்கம். அன்று வேறு தொல்லை. அக்காவை எங்கே நிறுத்தினாலும் கெமராவுக்கு முதுகைக் காட்டினாள். வெட்கம் இல்லை, அவளுக்குப் பின்னால் தேயிலை இருந்தது. தேயிலை கண்ணில் பட்டால் அவளால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. "இந்த மலைய கவாத்து வெட்டுனவன் கையில கத்தி இருந்துச்சா, கரண்டி இருந்துச்சா? பாரு தியாகு, வாதெல்லாம் கிழிஞ்சு கெடக்கு." "கொழுந்து முத்திப்போச்சே, ரவுண்டு தவறிட்டாங்க போல." நான் பனியும் வெளிச்சமும் பார்த்தேன், அவள் பிழை திருத்திக்கொண்டு வந்தாள். ஒரு வளைவில் இரண்டு சுற்றுலா வேன்கள் நின்றன. வெள்ளைக்காரர்கள் ஓடைப்பக்கம் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். "நாங்களும் நின்னுருக்கோம் தம்பி. வேன் நிக்கிற சத்தம் கேட்டாலே ரெண்டு எலைய விரல்ல புடிச்சுகிட்டு பல்லக் காட்டணும். எந்தெந்த நாட்டுலயோ என் மூஞ்சி கெடக்கு. நான்தான் ஒண்ணையும் பாத்ததில்ல." நல்ல வரி என்று நினைத்தேன். படக்குழுவில் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டு, "அக்கா, அந்த மரத்துப் பக்கம் போய் நில்லு" என்றேன்.

மூன்றாம் நாள் நுவரெலியாவுக்குப் போகும் வழியில், தலவாக்கலைக்குக் கிட்டே அருவி பார்க்கும் ஓரிடத்தில் நின்றோம். நல்ல வெயில். கம்பித்தடுப்புக்கு அப்பால் பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அருவி. இந்தப் பக்கச் சரிவில் தேயிலை, அதில் ஒரு கொழுந்துக் கூட்டம். தியாகு தேத்தண்ணி குடிக்கப் போனான். நான் மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, கெமராவை ஏற்றி, அருவியை ஓடும் படமாகப் பிடிக்கத் தொடங்கினேன். தண்ணீர் விழும் அழகில் எனக்கு உலகம் மறந்துவிட்டது. திருப்தியாக வந்ததும் நிறுத்திவிட்டு, திரும்பாமலே, "அக்கா, இப்ப வந்து அந்தக் கம்பிகிட்ட நில்லு" என்றேன். பதில் இல்லை. திரும்பினேன். அக்கா இல்லை.

வேனுக்குப் போனேன். இருக்கையில் சிவப்பு சுவெட்டர் மட்டும் மடித்தபடி இருந்தது. யாராவது சுவெட்டரை மடித்து வைத்துவிட்டுத் தொலைவார்களா? வேண்டுமென்றே போயிருக்கிறாள். கோபத்தில் போயிருக்கிறாள். இல்லை, மயக்கம் வந்து பள்ளத்தில் விழுந்துவிட்டாள். இல்லை, சிறுத்தை. இந்தப் பக்கத் தேயிலைக்குள் சிறுத்தை உண்டு. பட்டப்பகலில், நாற்பது பேர் நிற்கும் இடத்தில், ஐஸ்கிரீம் வண்டியைத் தாண்டி வந்து சிறுத்தை என் அக்காவை மட்டும் தேர்ந்தெடுத்துத் தூக்கிப்போனது என்று ஒரு முழு நிமிடம் நான் உறுதியாக நம்பினேன். பெண்கள் கழிப்பறைக்கு முன்னால் நின்று "அக்கா!" என்று அலறினேன். மூன்று பேர் பதறிக்கொண்டு வெளியே வந்து "என்னங்க?" என்றார்கள். மூன்று பேரும் வேறு யாருக்கோ அக்காமார். கம்பியில் தொங்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். தேயிலைக்குள் தலையில் துணி கட்டிய இருபது பெண்கள் குனிந்து நின்றார்கள். சிவப்பு எங்கேயும் இல்லை.

ரோட்டில் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பொலிஸ்காரரிடம் ஓடினேன். என் சிங்களம் பத்து வருடம் துருப்பிடித்தது. பாதிச் சிங்களம், பாதி கிளாஸ்கோ இங்கிலீஷ், மீதி கை. வயதில் சின்னவர், நல்ல பொறுமைசாலி. "சாரிய மொன பாடத?" என்று கேட்டார். சேலை என்ன நிறம். நான் "சிவப்பு" என்றேன். பிறகு, அது சுவெட்டர், அது வேனில் இருக்கிறது என்று நினைவு வந்தது. சேலை? அன்று காலையில் அக்கா என்ன சேலை கட்டியிருந்தாள்? நீலம் முதல்நாள். பிறகு? முகத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்தேன், வானம் சொல்லவில்லை. அவர் அடுத்ததாக, "ஃபோட்டோ எகக் நெத்த?" என்றார். ஒரு படம்கூட இல்லையா?

எனக்கு உயிர் வந்தது. படம்தானே! மூன்று நாளில் நானூறுக்கு மேல் எடுத்திருக்கிறேன்! கெமராவை அவர் கையில் கொடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஆறு. மலை. பனி. பாலம். மலைக்கு மேல் மேகம். மேகத்துக்குக் கீழே மலை. ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பூண்டுலோயாவில் ஒரு முதுகு. கோத்மலையில் ஒரு முதுகு. பொலிஸ்காரர் ஒரு படத்தைப் பெரிதாக்கினார். புள்ளி நான்கு சிவப்புச் சதுரமாக உடைந்தது. "மே அக்காத?" என்றார். அக்காதான் என்று தலையாட்டினேன். அவர் என்னையும் சதுரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவம், எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். "பின்தூர நம் லஸ்ஸனய்" என்றார். படங்கள் என்னவோ அழகாகத்தான் இருக்கின்றன.

தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து சேர்ந்த தியாகு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான். "பச்சச் சேல. மஞ்சக் கரை. நேத்து ஊதா. அக்கா மூணு நாளும் புதுசு கட்டிட்டு, பவுடர் போட்டு, பூ வச்சுகிட்டுத்தான் அண்ணே வாறாங்க. நீங்க கவனிக்கலயா?"

அக்காவின் முகம் தெரிகிற படம் என்று உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது. அது அவளுடைய அடையாள அட்டையில். அந்தப் படம் எடுத்த நாள் நினைவிருக்கிறது. லயத்துச் சுவரில் யாரோ வீட்டு வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஆணியடித்து, அட்டனிலிருந்து வந்த படக்காரர் தோட்டத்தையே வரிசையில் நிறுத்தினார். ஆம்பளைகளுக்கென்று ஒரே ஒரு கோட்டு கொண்டுவந்திருந்தார். அதை ஒருவர் கழற்ற ஒருவர் மாட்டிக்கொண்டு, எங்கள் தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரும் இன்றைக்கும் ஒரே கோட்டில்தான் அரசாங்கக் கோப்புகளில் இருக்கிறார்கள். பெண்களிடம் அவர் சொன்னது, "சிரிக்காதீங்கம்மா, கவர்மெண்டுக்கு." அக்கா சிரிக்கவில்லை. அந்த அட்டை அவள் பையில். பை அவளோடு. நானூறு படத்தோடு வந்த தம்பியிடம், தொலைந்துபோன அக்காவைத் தேடக் காட்டுவதற்கு அவளுடைய முகம் இல்லை.

பொலிஸ்காரர் போனில் எங்கேயோ பேசத் தொடங்கினார். நான் கம்பிக்குத் திரும்பி ஓடி, நீளமான லென்ஸை மாட்டிச் சரிவை நோக்கித் திருப்பினேன். அதை வாங்கிய நாளிலிருந்து மலைமுகட்டையும் பறவையையும்தான் பார்த்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மூக்குத்தி போட்ட ஒருத்தி. வெற்றிலை மென்றுகொண்டே யாரையோ ஏசும் ஒருத்தி. வேர்வையைத் தோளில் துடைக்கும் ஒருத்தி. எல்லாருடைய கண்ணும் கைக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் நிமிரவில்லை. கூட்டத்துக்கு வெகு பின்னால், மற்றவர்கள் எடுத்து முடித்துவிட்டுப்போன இடத்தில், இரண்டு பேர் தனியாக நின்றார்கள். ஒருத்தி இளம்பெண். பக்கத்தில் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டி, பச்சைச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, இரண்டு கையும் கோழி கொத்துவதைப்போல் கொழுந்தின் மேல் பறக்க, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றவளின் கொண்டையில் ரோசா இருந்தது.

குறுக்குப்படியில் நான் இறங்கிய விதத்தை ஓட்டம் என்று சொல்ல முடியாது, உருண்டதில் பாதி. போய் நின்று கத்தினேன். "எங்கக்கா போன? பொலிஸெல்லாம் தேடுது!"

அக்கா கையை நிறுத்தவில்லை. "கத்தாத தம்பி, நிறுக்கப் போறாங்க. இந்தப் புள்ள பரமேசு கைப்புள்ளக்காரி. புள்ளக் காம்பராவுக்குப் பால் குடுக்கப் போயிட்டு வந்துச்சாம். இதோட நெர மட்டும் பின்னாடி கெடக்கு. மேல இருந்து பாத்தா பல்லு விழுந்த வாய் மாதிரி தெரியுது. எப்புடிப் பாத்துகிட்டே நிக்கிறது? கொழுந்து கொறஞ்சா இதுக்கு அரைப்பேரு போட்டுருவாங்க."

தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் புள்ளக் காம்பரா. மலையில் ஒவ்வொருத்திக்கும் எடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு, அதுதான் நெர. நிறுக்கும்போது சொன்ன கிலோ இல்லாவிட்டால், நாள் முழுக்க நின்றாலும் பாதிநாள்தான் பதிவாகும், அது அரைப்பேர். ஒருத்தி பின்தங்கினால் முடித்தவர்கள் திரும்பி வந்து அவள் கூடையில் ஆளுக்கு ஒரு கை போடுவார்கள். யாரும் கேட்பதில்லை, நன்றியும் சொல்வதில்லை. ஆனால் தோட்டம் மாறி, பேர் வெட்டின பிறகு, பவுடர் போட்டுக்கொண்டு ஊர் பார்க்க வந்த இடத்தில், முன்பின் தெரியாத பெண்ணுக்காகக் கம்பித்தடுப்பைத் தாண்டி இறங்கியவள் என் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு வரக்கூடாதா?" என்றேன்.

"சொல்லிட்டுத்தானே வந்தேன்!"

"எப்ப? எங்கிட்ட சொல்லவே இல்ல."

"சொன்னேன்பா. நீயும் சரின்ன."

"இல்லவே இல்ல!"

பரமேசு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ அக்கா, ஐயா அழுவுறாரு" என்றாள்.

"அவன் அழுவல. அவன் ஊருல குளுரு. அங்க இருக்கவங்களுக்கு அப்பப்ப கண்ணுல தண்ணி வடியும்" என்றாள் அக்கா, கடைசிக் கையைக் கூடையில் போட்டுக்கொண்டே.

நிறுவை முடிந்தது. பரமேசுக்கு முழுப்பேர். கெமராவைத் தூக்கினேன். "அக்கா, அப்புடியே நில்லு. கிட்டத்துல ஒண்ணு எடுக்குறேன்." அக்கா படங்கை அவிழ்த்துப் பரமேசிடம் கொடுத்துவிட்டு, கையால் முகத்தை மறைத்தாள். "மலையில நிக்கிற படம் எனக்கு வேணாம் தம்பி. நாப்பது வருசம் நின்னாச்சு." படியேறும்போது மூச்சு வாங்க நின்று, மீதியையும் சொன்னாள். "பெரிசா, மூஞ்சி தெரியுற மாதிரி ஒண்ணு வேணும்னு ஆசதான். நாளைக்கு ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போ. நீ எடுக்க வேணாம். நீ தள்ளி நிக்கச் சொல்லுவ."

மேலே பொலிஸ்காரர் காத்திருந்தார். அக்கா அவரோடு தோட்டத்துச் சிங்களத்தில் பத்து நிமிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். என்னைப் பற்றித்தான் பேச்சு என்பது இருவரும் அடிக்கடி என்னைப் பார்த்ததில் தெரிந்தது. நுவரெலியா போகும்வரை நானும் அக்காவும் சண்டை. சொன்னேன், சொல்லவில்லை; சொன்னேன், சொல்லவில்லை. தியாகு யார் பக்கமும் சேராமல் ரேடியோவைக் கூட்டிவைத்தான்.

மறுநாள் அட்டன் கடைத்தெருவில் மாடியில் ஒரு ஸ்டூடியோ. பின்னால் தொங்கவிட மூன்று திரை இருந்தது: ஒரு கோயில் கோபுரம், ஒரு கடற்கரை, பனி மூடிய மலையும் அடிவாரத்தில் சிவப்புக் கூரை வீடும். அக்கா மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பனிமலையைக் காட்டினாள். "இதுதான் தம்பி ஊரு மாதிரி இருக்கு." ஜன்னலுக்கு வெளியே அசல் மலை பச்சையாக நின்றது; அக்கா அதற்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள். படக்காரர், "கிட்ட வாங்கம்மா. இன்னும் கொஞ்சம் கிட்ட. ஆங், இப்ப சிரிங்க" என்றார். அக்கா சிரித்தாள். கவர்மெண்டுக்கு இல்லாத சிரிப்பு. நான் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, என் கெமராவை மூடியோடு கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் படம் இப்போது கிளாஸ்கோவில் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. வருகிறவர்கள், "உங்கள் அக்கா இங்கே எப்போது வந்தார்?" என்று கேட்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, தேநீர் போடப் போய்விடுகிறேன்.

திரும்பி வந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, மழை பெய்த ஞாயிறு மத்தியானம் படங்களை ஒழுங்குபடுத்தினேன். தலவாக்கலை அருவியின் ஓடும் படம் ஆறு நிமிடம். படக்குழுவில் போட்டுக்காட்ட நினைத்திருந்தேன். தண்ணீர் மிக அழகாக விழுகிறது. முதல் நிமிடம் முடிவதற்குள், இரைச்சலுக்கு மேலாக, கெமராவுக்குப் பக்கத்தில் அக்காவின் குரல் கேட்கிறது.

"தம்பி, கீழ ஒரு புள்ள நெர பின்னாடி கெடக்கு. நான் போயி ரெண்டு கை எடுத்துக் குடுத்துட்டு வந்துர்றேன். தேடாத."

பிறகு என் குரல்.

"சரிக்கா, சரிக்கா. கொஞ்சம் தள்ளிப் போ, நெழலு விழுது."

படத்தின் இடது மூலையில், புல்லின் மேல், கொண்டை வைத்த ஒரு நிழல் இருக்கிறது. அது உடனே விலகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் அருவி மட்டும். அக்கா தொலையவில்லை. என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் சரி என்றேன்.